குதிரை லாரிக்கு என் கையெழுத்து

மார்ச் 5, 1979. திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். சாந்தோமில் கடல் காற்றே இல்லை. அப்பா மீன் ஏற்றிய லாரி நான்கு மாதமாகச் சும்மா நிற்கிறது. அப்பா இறந்தபின் என் பெயரில். ஓட்டுவது என் வீட்டுக்காரர் ஆரோக்கியம். இவருக்குப் புது யோசனை: கோடைப் பந்தயத்துக்குக் கிண்டியிலிருந்து ஊட்டிக்குக் குதிரை ஏற்றலாமாம்.

"லாரி கீது, நான் கீறேன். வேற இன்னா வேணும்?"

விசாரித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

மார்ச் 7. புதன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ். இரண்டு மணி நேரம் வரிசை. குமாஸ்தா என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஓனர் வர்லியாம்மா?"

"நான்தான் சார் ஓனர்."

"அப்போ கையெழுத்தெல்லாம் நீங்கதான். தப்பு நடந்தா கேஸும் உங்க மேலதான்."

நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன்:
– ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று. இருக்கிறது.
– பெர்மிட். ஊட்டி வரை செல்லும்படி.
– குதிரைக்குத் தகுந்த மாதிரி பாடி. இன்ஸ்பெக்டர் பார்த்தால்தான் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று.
– இன்சூரன்ஸ். லாரிக்கு உண்டு, குதிரைக்குத் தனி.
– ஒவ்வொரு குதிரைக்கும் மாட்டு டாக்டர் சர்டிபிகேட், பயணத்துக்கு முன்.

உளுந்து, சோப்பு வாங்கினேன். மகள் ஸ்டெல்லாவுக்குப் பரீட்சை அட்டை.

மார்ச் 15. வியாழன்

லாரி சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையில். மூன்று குதிரைக்குப் பலகைத் தடுப்பு, கீழே தேங்காய் நார், ஏறி இறங்கச் சாய்பலகை. என் இரண்டு வளையல் அடகில். பல்வலி.

மார்ச் 24. சனி

சாய்பலகை வழுக்கும் என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். "நம்ம மேல அந்தாளுக்கு இன்னா கோவம்?" என்று இவர் ஒரே கூச்சல். நானே ஏறிப் பார்த்தேன். பாதியில் சறுக்கி விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. இன்ஸ்பெக்டர் சொன்னது சரி. குறுக்கே மரச்சட்டம் அடிக்கச் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 2. திங்கள்

எஃப்.சி. கிடைத்தது. பெர்மிட்டும். முதல் சவாரி வெள்ளிக்கிழமை. கிண்டியில் ஒரு பயிற்சியாளர், மூன்று குதிரை. நன்றாகப் போனால் வருஷா வருஷம் நமக்கே என்றாராம். இவர் லாரியில் மாதா படம் ஒட்டினார்.

ஏப்ரல் 6. வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கிண்டி. நானும் போனேன். டாக்டர் இரண்டு குதிரைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது பெண் குதிரை. மூக்கில் சளி. "காய்ச்சல். இது போகக்கூடாது. மத்ததுக்கும் ஒட்டிக்கும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பயிற்சியாளர் இவர் தோளைத் தட்டி, "வழியில எவன் குதிரையை எண்ணப் போறான்? மூணையும் ஏத்துப்பா. இல்லேன்னா ஒண்ணும் வேணாம்."

இவர் என்னைப் பார்த்தார்.

"ஏத்த முடியாது சார்" என்றேன்.

"பொண்டாட்டியை வீட்டுல வுட்டுட்டு வரக்கூடாதா?" அதுவும் என்னிடம் இல்லை, இவரிடம்.

இவர் சாய்பலகையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்.

காலி லாரி. அடையாறு பாலம் தாண்டினோம். இவர், "நீ சொன்னது சரிதான். ஆனா வளையலை எப்டி மீக்கறது?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். சாயங்காலம் சர்ச்சில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 9. திங்கள்

மூன்று குதிரையும் வேறு லாரியில் ஊட்டி போய்விட்டதாம். ஸ்டெல்லாவுக்குக் கணக்கு சுமார். அழுதாள்.

ஏப்ரல் 11. புதன்

இவர் செங்கல் லோடு கேட்கப் பாலவாக்கம் போயிருக்கிறார். மாலை வாசலில் கார். திருவல்லிக்கேணிக்காரர், பெரியவர், குதிரை வைத்திருக்கிறாராம்.

"சளி புடிச்ச குதிரையை ஏத்த மாட்டேன்னது நீங்கதானாம்மா?"

திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தலையாட்டினேன்.

"அதோட போன ரெண்டும் இப்போ காய்ச்சல்ல கீதாம். என் குதிரை நாலு. உங்க லாரியிலதான் அனுப்புவேன்."

"மூணுக்குத்தான் இடம் இருக்கு ஐயா. நாலு ஏத்த மாட்டேன்."

வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ ரெண்டு ரெண்டா, ரெண்டு நடை போங்க."