நாலாம் சீசன் வரை

ஜனவரி 13, 2024, சனி

டியூஷன் வகுப்பை முடித்துக்கொண்டு ஜெனீரா வீட்டுக்குப் போகும்போது இரண்டு மணி. மருந்து ஏற்றி ஐந்தாம் நாள். சமையல் வாசனை அவளுக்கு ஆகவில்லை. அவள் கணவர் ஸலீம் நானா சோற்றுப் பார்சல் வாங்கித் தன் இரும்புக்கடையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார். நான் கொண்டுபோன தோடம்பழத்தில் இரண்டு சுளை மட்டும் தின்றாள். பிறகு கப்பலைப் போட்டோம்.

குறிப்பேடு புதிது என்பதால் எழுதி வைக்கிறேன். கப்பல் என்றால் எங்கள் இருவருக்கும் ஒரு பழைய டிவி தொடர்தான். நட்சத்திரங்களுக்கு நடுவே வழிகாட்டும் விளக்குகளைப் பழுதுபார்த்துத் திரியும் ஓட்டைக் கப்பல். ஏழு சீசன், நூற்றைம்பத்து நான்கு பாகம். பேராதனைப் பல்கலைக்கழக விடுதிப் பொது அறையில் சனிக்கிழமைதோறும் பார்த்தோம்; பேச்சு ஆங்கிலம், கீழே சிங்கள எழுத்து. ஐந்தாம் சீசன் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் போட்டார்கள். முடிவு என்னவென்று இருபத்து மூன்று வருடமாக எங்களுக்குத் தெரியாது. போன நவம்பரில் ஜெனீராவின் மகள் ஸனா எங்கிருந்தோ முழுவதையும் இறக்கி பென்ட்ரைவில் போட்டுத் தந்தாள். உம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று. முதல் பாகத்திலிருந்து தொடங்கினோம்.

இன்று இரண்டாம் சீசன். அட்டைச் சுவர், வெள்ளிக் காகித உடுப்பு, எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் ஒரே கல்லுக்குவாரி. ஜெனீரா சொன்னாள்: "எங்கட ஹாலிஎலயில ஒரு குவாரிய வருசக் குத்தகைக்கு எடுத்தீக்கிறாங்க. அந்தா பாரு, லொறி போன தடம் கூட அழிக்கல்ல."

வாரம் மூன்று பாகம். கணக்குப் போட்டேன். நவம்பரில் முடியும்.

ஜனவரி 20, சனி

மழை. இரண்டாவது பாகத்தில் ஜெனீரா தூங்கிவிட்டாள். நிறுத்திவைத்துவிட்டு அவள் எழும்பும்வரை பரீட்சைத்தாள் திருத்தினேன்.

பெப்ரவரி 10, சனி

தலைமுடி முழுவதும் போய்விட்டது. கப்பலில் மொட்டைத்தலை வைத்தியர் ஒருவர் வருகிறார். அவரைப் பார்த்து, "எங்கட குடும்பம்" என்றாள். ஸனா சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் தாங்க முடியவில்லை.

விடுதியில் நான் முதன்முதலாகப் பொது அறைக்குள் போன சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தேன். "நீ தோட்டமா?" என்று ஒருத்தி கேட்டாள். தேயிலைத் தோட்டத்துக்காரியா என்றுதான்; கேட்ட விதம் அப்படி. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி, "அவ கப்பல் பாக்க வந்தீக்கிறா. நீயும் வாய மூடிட்டுப் பாரு" என்றாள். தலையில் முக்காடு, கையில் காகிதத்தில் சுற்றிய கடலைச் சரை. சரையை எனக்கு நீட்டினாள். அதுதான் ஜெனீரா; பதுளைக்காரி என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருந்தவளை நான் பேராதனையில் போய்த்தான் கண்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

இன்று ரமழான் நோன்பு ஒன்று. கிளினிக். லீவு போட்டுவிட்டு நானும் போனேன்.

புற்று ஈரலுக்கும் போய்விட்டதாம். டொக்டர் ஸலீம் நானாவைப் பார்த்துச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எங்கள் மூவரில் ஜெனீராவுக்குத்தான் சிங்களம் நன்றாக வரும். அவளே கேட்டாள், இந்த வருடம் முடியும்வரை போகுமா என்று. டொக்டர் ஃபைலைப் புரட்டினார்.

த்ரீவீலரில் திரும்பினோம். பஸ் நிலையத்தடியில் ஜெனீரா, "நோன்பு பிடிக்க ஏலாமப் போச்சு, அதுதான் மிச்சம் கவல" என்றாள். நானா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 16, சனி

பென்ட்ரைவைச் செருகினேன். பட்டியல் வந்ததும் ஜெனீரா சொன்னாள்:

"கடைசியப் போடு பிலோ."

இன்றைக்குரிய மூன்றில் கடைசியையா என்று கேட்டேன். விளங்கியும் விளங்காத மாதிரி.

"எல்லாத்துக்கும் கடைசி. நூத்தி அம்பத்தி நாலு."

"நடுவுல இன்னும் நூத்துக்கு மேல இருக்குடி. யாரு யாருன்னே தெரியாது. ஒழுங்காப் பார்க்கணும்னு தானே ஆரம்பிச்சோம்."

"எனக்கு என்ன ஆச்சின்டு தெரிஞ்சா போதும்."

"நவம்பர்ல தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். வெகு நேரம் இல்லை. "சரி டீச்சர்" என்று சிரித்துவிட்டுத் தலையணையை இழுத்து முதுகுக்கு வைத்தாள். நான் ஐம்பத்திரண்டாம் பாகத்தைப் போட்டேன். என்ன நடந்தது அதில்? ஒன்றும் நினைவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு பொத்தானை அமத்துவதுதானே. ஏன் செய்யவில்லை?

கடைசியைப் போட்டால் மற்றவை எதற்கு? அடுத்த சனிக்கிழமை எதற்கு? எதைச் சொல்லிக்கொண்டு நான் அந்த வீட்டுப் படியேறுவது? நோயாளியைப் பார்க்க என்றா?

ஒழுங்கு என்று சொன்னேன். ஒழுங்கு இல்லை. பயம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை, நீண்ட வழிபாடு, முழங்கால் வலி. மாலையில் ஜெனீராவைப் பார்க்கப் போனேன். பல நாளுக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது. உம்மாவும் மகளும் என்னைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். நான் உபவாசத்தில் வாடிப்போன கத்தரிக்காய் மாதிரி இருக்கிறேனாம்.

ஏப்ரல் 20, சனி

பள்ளி விடுமுறை என்பதால் நேரத்தோடு போனேன். இர்ஸா கப்பலில் வேலைக்குச் சேரும் பாகம். கையில் ஒரு பெட்டியோடு ஏணியில் ஏறி வருவாள், தலை இடித்துக்கொள்வாள், யாரும் உதவ மாட்டார்கள். விடுதியில் எல்லோரும் கைதட்டும் இடம். எஞ்சின் திருத்தும் பெண் என்பதால் எங்களுக்கு அவளைப் பிடிக்கும்.

ஜெனீரா அழுதாள். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல். வலியா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். "திரும்பப் போடு, அந்த ஏணி" என்றாள். மூன்று தரம் போட்டேன்.

தலையிடித்துக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து என்ன அழுகை? மருந்து மனதையும் மாற்றும் என்று ஸனா சொல்கிறாள்.

மே 11, சனி

நாலாம் சீசன் தொடங்கிவிட்டோம். ஒரு பாகம்தான் முடிந்தது. இப்போது கட்டிலில் படுத்தபடியே பார்க்கிறாள். ஸலீம் நானா டிவியை மேசையோடு அறைக்குள் தள்ளி வைத்திருக்கிறார். கடையை நான்கு மணிக்கே பூட்டிவிடுகிறார், வந்து வாசலில் நின்றபடி எங்களோடு பார்க்கிறார், அவருக்கு ஒன்றும் புரிவதில்லை. இன்று, "இவங்க எல்லாருக்கும் சம்பளம் யார் குடுக்கிற?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் நாங்கள் யோசிக்காத கேள்வி.

கடைசியில் இவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். நீ என்ன நினைக்கிறாய் என்று ஜெனீராவைக் கேட்டேன்.

"நான் என்னத்தக் கண்ட. நீ செல்லு."

சொன்னேன். விளக்கெல்லாம் எரியும், கப்டன் ஓய்வு பெறுவார், இர்ஸா கப்பலை எடுப்பாள் என்று விரிவாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா ஈக்கி" என்றாள்.

மே 25, சனி

பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஜூன் 8, சனி

எழுபத்திரண்டாம் பாகம். பாதியில், "சத்தத்தக் கொற, படத்த விடு" என்றாள். அப்படியே முடியும்வரை ஓடியது. நான் புறப்படும்போது, "அடுத்த கிழம வருவாய்தானே" என்று கேட்டாள். ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மூன்றாம் பாடவேளை. ஒன்பதாம் ஆண்டு. ஸனாவின் அழைப்பு. எடுக்காமலே தெரிந்துவிட்டது.

பஸ் வர முக்கால் மணி. பாதையோரம் நின்றேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி, டீச்சர் ஏன் நேரத்தோட போறீங்க என்று கேட்டாள். கூட்டாளி மௌத்து என்றேன். சாவு என்ற எங்கள் சொல் வராமல் அவர்கள் சொல் வந்தது.

நான் போகும்போது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வாசலில் செருப்புக் குவியல். அதற்கு மேல் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. ஸனா வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும். சின்னதாக இருந்தது. நான் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, பிறகு இறக்கிவிட்டேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். ஆண்கள் போனார்கள். நாங்கள் பெண்கள் வாசலோடு நின்றோம்.

ஜூன் 12, புதன்

பார்க்க விடலையே நான். வாய் விட்டுக் கேட்டா. ஒரே ஒரு தரம் கேட்டா. நவம்பர்ல தெரியும்னு சொன்னேனே — எந்த நவம்பர்? யாரோட நவம்பர்?

ஜூன் 29, சனி

டியூஷன் முடிந்தது. இரண்டு மணி. போக இடமில்லை. பஜாரில் நடந்தேன். இரும்புக்கடை திறந்திருந்தது. நானா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது. குடித்து முடியும்வரை அவர் ஆணி நிறுப்பதைப் பார்த்தேன்.

ஜூலை 20, சனி

நாற்பதாம் நாள். குர்ஆன் கத்தம் ஓதினார்கள். எல்லோரும் போன பிறகு ஸனா பென்ட்ரைவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. இருபது வயதுப் பிள்ளை, அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்: உன் உம்மா முடிவைக் கேட்டாள், நான் போடவில்லை, தெரியாமலே போய்விட்டாள், என்னால்தான் என்று.

ஸனா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உம்மா பாத்துட்டாங்க ஆன்டி."

"எதை?"

"கடைசிய. பெரிய வெள்ளி அன்டைக்கி. நீங்க கோயில்ல ஈக்கிற நேரம்."

நேராகக் கடைசிப் பாகத்துக்கே போனார்களாம். நடுவில் ஒன்றும் பார்க்கவில்லை. பாதிப்பேர் புதியவர்கள். இது யாரு, அது யாரு என்று ஜெனீரா கேட்டுக்கொண்டே இருந்தாளாம், ஸனாவுக்கும் தெரியாதாம், இரண்டு பேரும் ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டார்களாம். இர்ஸாவைக் காணவில்லை. அவளுடைய பெயரை யாரோ ஒருவர் ஒரே ஒரு தரம், செத்துப்போனவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். எப்போது, எப்படி என்று இல்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் செல்லப் போனேன். உம்மாதான், 'பிலோகிட்ட செல்லாத, அவ இன்னும் அங்க வரல்ல' என்டாங்க."

ஜூலை 21, ஞாயிறு

கோபமாக இருக்கிறது. இறந்தவள் மேல்.

ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினேன். ஏணி. மூன்று தரம் போட்டேன் என்று நானே எழுதியிருக்கிறேன். மே பதினொன்று: இர்ஸா கப்பலை எடுப்பாள் என்று நான் அளந்துகொண்டிருக்கிறேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு நல்லா ஈக்கி என்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு. பத்து வாரம் என்னோடு சேர்ந்து தெரியாதவள் போல இருந்திருக்கிறாள். மூச்சு விட முடியாத நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்கு.

யார் யாரைப் பார்க்கப் போனது அந்தச் சனிக்கிழமைகளில்?

ஜூலை 27, சனி

கோபம் இல்லை. அது இருந்தாலாவது பரவாயில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முதல் பூசைக்குப் போய்வந்து, பாண் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு நூற்றைம்பத்து நான்காம் பாகத்தைப் போட்டேன். எழுபத்திரண்டிலிருந்து நேராக. நடுவில் எண்பத்தொரு பாகம் கிடக்கிறது.

கப்டன் மாறியிருக்கிறார். சுவர்கள் இப்போது அட்டை இல்லை, பணம் போட்டிருக்கிறார்கள். தாடி வைத்த ஒருவர் ஒரு சிறுமியிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டார். அவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று பழைய விஷயமொன்றைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நான் அங்கே இருக்கவில்லை. மொட்டை வைத்தியர் மட்டும் தெரிந்த முகம். கிழவராகிவிட்டார்.

வீடு போய்ச் சேரவில்லை. போகாமலும் இல்லை. ஒரு விளக்கை ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் புறப்பட்டார்கள், எழுத்து ஓடத் தொடங்கிவிட்டது. நான் இன்னும் ஏதோ வரும் என்று எழுத்து முடியும்வரை இருந்தேன்.

பார்த்துவிட்டேன் என்று ஸனாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

விளங்கிச்சா என்று கேட்டாள்.

இல்லை என்று எழுதினேன்.

சிறிது நேரம் கழித்துப் பதில் வந்தது: எங்களுக்கும் இல்ல ஆன்டி.