கொசுறாக வந்த பாட்டு

மதினி,

போன வாரம் பரணிலிருந்து உங்கள் அட்டைப்பெட்டியை இறக்கினேன். திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை. அதற்கு அடியில் பழைய ரப்பரும் தேங்காயெண்ணெயும் கலந்த இன்னொரு வாசனை. கையை விட்டால் விரலெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. உங்கள் ஹெட்போன்தான். காதில் படுகிற பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. வலது பக்கத்தில் அடையாளத்துக்காக நீங்கள் கட்டிய சிவப்பு நூல் மட்டும் முடிச்சு அவிழாமல் அப்படியே இருக்கிறது. வெடிக்குத் திரி கட்டிப் பழகிய கை போட்ட முடிச்சு, பின்னே எப்படி இருக்கும்!

ஹெட்போனுக்குக் கீழே அந்தக் கேசட். மேலட்டை இல்லாதது. அதிலே ஒரு பாட்டைப் பாதி கேட்டுவிட்டு, மீதிப் பாதியை யாரும் கேட்டுச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டு வைத்தீர்கள். நீங்கள் போன பிறகும் நான் தொடவில்லை. இன்றைக்குக் காலையில் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் உங்களிடம் எதையாவது நேராகச் சொல்லிவிட முடியுமா? "மொதல்ல இருந்து வா" என்பீர்கள். சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

நான் சிவகாசியில் காலண்டர் கம்பெனிக்குப் பில் போடும் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. நீங்கள் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தீர்கள். பக்கத்து ஷெட்டில் பிடித்த தீயில், தூக்கி எறியப்பட்டுப் பொட்டலில் கிடந்தீர்கள். உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. இடது காது மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "ஆளு முழுசா வந்திருக்கேன், ஒரு காதுக்குப் போய் அழுதுட்டு இருக்கீக" என்று நீங்களே காப்பி போட்டுக் கொடுத்தீர்கள்.

மதுரை டாக்டர் வலது காதையும் சோதித்துப் பார்த்தார். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அழுதது நான். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசனையாகவே வந்தீர்கள். விருதுநகர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏ புள்ள, நல்ல பாட்டு செட்டா ஒண்ணு வாங்கணும். காது இருக்கும்போதே வாங்கிப்புடணும்."

அவசரம் உங்களுக்குத்தான். ஆனாலும் அவசரத்துக்காக முழு விலை கொடுக்கிற ஆளா நீங்கள்? தீபாவளி போனஸ் வந்த நேரம், பழசைக் கொடுத்துப் புதுசை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கடைக்குக் கடை மைக் வைத்துக் கூப்பிட்டார்கள். எங்கள் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நீங்கள் வாசலில் மறித்தீர்கள்.

"ஊரே துட்டோட நிக்கும்போது எந்தக் கடைக்காரன் விலையைக் கொறைப்பான்? பள்ளிக்கூடம் தெறக்கட்டும். இப்ப வாங்குற செட்டுல பாதி அப்பக் கடைக்குத் திரும்பி வரும்."

அது உண்மை. எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் வீட்டுக்குள் நுழைகிற பெட்டி, பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுகிற ஆனியில் துண்டு போட்டு மூடி வெளியே போகும். ஆனால் அப்படி விற்கிற வீடுகளுக்கு நீங்கள் போனதில்லை. "கடைக்காரன்கிட்ட எம்புட்டு வேணாலும் பேரம் பேசலாம். கஷ்டத்துல விக்கிறவன்கிட்ட பேசுனா நாக்கு அழுகிப்போகும்" என்பீர்கள். அதனால் காத்திருந்தோம். அந்த மாதங்களில் நீங்கள் தினமும் காலையில் சில்வர் டம்ளரை வலது காதருகே வைத்து ஸ்பூனால் தட்டிப் பார்ப்பீர்கள். சத்தம் நேற்றைப் போலவே இருக்கிறதா என்று. அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் வந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஆனி வந்தது. விருதுநகரில் தெப்பத்துக்குப் பக்கத்துச் சந்தில், பழைய டிவி, ரேடியோ விற்கிற அண்ணாச்சி கடை. ஏறி இறங்கிய கடைகளில் அது எத்தனையாவதோ. மூலையில் இருந்த ஒரு செட்டில் உங்கள் கண் நின்றது. நடுவில் கேசட் போடும் பெட்டி, இரண்டு பக்கமும் தனித்தனி ஸ்பீக்கர். விலையைக் கேட்டதும் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன் அண்ணாச்சி இம்புட்டுக் கொறச்சல்?"

"எடது ஸ்பீக்கரை எலி கடிச்சிருச்சு தங்கச்சி. மறைக்காம சொல்லிருதேன். அந்தப் பக்கம் பாடாது. அதுக்காகத்தான் கொறச்சுப் போட்டிருக்கேன்."

"எடதா?"

"எடதுதான்."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகம் பொருந்திவிட்ட மாதிரி.

"அண்ணாச்சி, எனக்கும் எடது பக்கம் கேக்காது. அதை எலி கடிச்சது, என்னைய வெடி கடிச்சது. இன்னும் கொறைங்க."

"அதான் ஏற்கெனவே கொறச்சிட்டேனே!"

"அது எலிக்குக் கொறச்சது. என் காதுக்கு எங்க கொறச்சீக?"

வியாபாரம் பண்ணிய நாளில் அண்ணாச்சியை இப்படி ஒருத்தரும் மடக்கியிருக்க மாட்டார்கள். பரிதாபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியாமலே விலையை இறக்கிவிட்டார். வெளியே வந்ததும் செட்டுக்கு முன்னால் உங்கள் சிரிப்புதான் பஸ் ஏறியது.

வீட்டில் வலது ஸ்பீக்கரை உங்கள் வலது பக்கத்தில், பீரோவின் மேல் வைத்தோம். எலி கடித்த ஸ்பீக்கரை டம்ளர் கவிழ்த்து வைக்கிற மேடையாக்கிக்கொண்டீர்கள். ஒரு வாரம் சந்தோஷமாகப் போயிற்று. பிறகு ஒரு சாயங்காலம், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டீர்கள். முகம் சரியில்லை.

"பல்லவி முடிஞ்சதும் ஒரு புல்லாங்குழல் வரணும். கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோவுல எத்தனை தடவை கேட்டிருக்கேன். இதுல காணோம்."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, "பாட்டுல காணோமா, உன் காதுல காணோமா?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் நீங்கள் எழுந்துபோய் டம்ளரைத் தட்டிப் பார்த்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்.

"நீ ரெண்டு காதாலயும் கேளு. இருக்கா, இல்லையா? எனக்காகச் சொல்லாத, உள்ளதைச் சொல்லு."

கேட்டேன். பல்லவி முடிந்தது. தபேலா மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. "இல்ல மதினி. புல்லாங்குழலே வரல" என்றேன்.

ஒரு பொருள் பழுது என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "அப்ப காது இருக்கு! புல்லாங்குழல்தான் போயிருக்கு. நாளைக்கு வா, அண்ணாச்சிகிட்டக் கேட்டுப்புடுவோம்" என்று அண்ணனுக்கு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினீர்கள்.

மறுநாள் செட்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனோம். "பொருளை வித்துட்டுப் புல்லாங்குழலை எடுத்து வச்சுக்கிட்டீகளே, நியாயமா?" என்று படியேறும்போதே ஆரம்பித்துவிட்டீர்கள். அண்ணாச்சி மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்துச் செட்டில் சொருகி நீட்டினார். கோபத்தில் பறித்து மாட்டிக்கொண்டீர்கள். பாட்டு ஓடியது. திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"இங்கன இருக்கு!" என்று கத்தினீர்கள். காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் கத்துவது போலத் தெருவுக்கே கேட்டது. "ஏ புள்ள, புல்லாங்குழல் இங்கன இருக்கு!"

"திருப்பி மாட்டியிருக்கீக தங்கச்சி" என்று அண்ணாச்சி கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார். உடனே முகம் சுருங்கியது. புல்லாங்குழல் போய்விட்டது, தபேலா வந்துவிட்டது. நீங்களே திருப்பிப் போட்டீர்கள். வந்தது. மறுபடி திருப்பினீர்கள். போனது. சின்னப் பிள்ளை விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது போல எத்தனை தடவை!

பாட்டை இரண்டாகப் பிரித்துத்தான் பதிவு செய்வார்கள், சில வாத்தியம் இடது பக்கம், சில வாத்தியம் வலது பக்கம், கல்யாண வீட்டுக் குழாயில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்துவிடும் என்று அண்ணாச்சி விளக்கினார். எலி தின்றது புல்லாங்குழல் இருந்த பக்கத்தை. அசல் விலைக்கே வேறு ஸ்பீக்கர் போட்டுத் தருகிறேன் என்றார். நீங்கள் ஹெட்போனைக் கையிலிருந்து விடவே இல்லை.

"ஸ்பீக்கர் வேண்டாம். இதைக் கொசுறாக் குடுத்துருங்க."

"ஹெட்போனையா? கொத்தமல்லித் தழையா தங்கச்சி இது, கொசுறாக் குடுக்க?"

அந்தப் பேரம் எப்படி முடிந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு காது உள்ளவனுக்கு ஒரு கேசட் ஒருவாட்டிதான். எனக்கு அதே துட்டுக்கு ரெண்டு கேசட். நஷ்டம் யாருக்கு, சொல்லு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு பாட்டை ஒரு நாள் நேராகப் போட்டுக் கேட்பீர்கள். மறுநாள்தான் திருப்பிப் போடுவீர்கள். ரெண்டையும் ஒரே நாளில் கேட்டால் திகட்டிவிடுமாம். அந்த இடைப்பட்ட ஒரு நாள் முழுக்க, வேலைக்குப் போன இடத்தில் பட்டாசு கிப்ட் பாக்ஸ் அடுக்கிக்கொண்டே, மறுபக்கம் என்ன இருக்கும் என்று யூகம் செய்வீர்கள். சாயங்காலம் வந்ததும் என்னிடம் பரீட்சை வைப்பீர்கள். "சரணத்துல பாடுறவ ஒரு மூச்சு இழுக்கா பாரு, அது எந்தப் பக்கம்?" எனக்குத் தெரியாது. நான் கேட்டு வளர்ந்த பாட்டுதான், ஆனால் அப்படி ஒரு மூச்சு இருப்பதே தெரியாது. உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு உங்கள் வலது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் பிடிபடும். இரண்டு காதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன செய்தேன் என்று எனக்கே எரிச்சலாக வரும்.

தெருவில் யார் செட்டு வாங்கப் போனாலும் உங்களைக் கூப்பிட்டுப் போனார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராகக் காதை வைத்து, "இது சளி பிடிச்சிருக்கு, வேற காட்டுங்க" என்பீர்கள். அண்ணாச்சி உங்களைத் தூரத்தில் கண்டாலே, "கொசுறு வருது" என்று மேசை மேல் இருப்பதை எல்லாம் உள்ளே எடுத்து வைப்பாராம்.

பிறகு கேசட்டின் காலம் முடிந்தது. எல்லோரும் சிடிக்குப் போனார்கள். சிவகாசிக் கடையொன்றில் கேசட்டுகளைச் சாக்கில் கொட்டி அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். நீங்கள் முந்தானையில் அள்ளி வந்தீர்கள். அதில் ஒன்றுதான் இந்த மேலட்டை இல்லாத கேசட். அன்றைக்கு நேராகப் போட்டுக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"இதுல ஒருத்தி ஒரு வரி பாடுதா. அப்புறம் கம்முன்னு இருக்கா. யாரோ ஏதோ சொன்ன மாதிரி மறுவரி பாடுதா. பதில் சொல்லுத மாதிரியே இருக்கு. யாருக்குச் சொல்லுதா?"

"ஆம்பளைக் குரலா இருக்கும் மதினி, அந்தப் பக்கம்."

"ஆம்பளைக்குச் சொல்லுத பதில் மாதிரி இல்ல புள்ள. பயமே இல்லாம சொல்லுதா. மக கேக்குறாளோ? கூட்டாளியோ? நாளைக்குப் பாத்துக்கிடுவோம்."

அந்த நாளை வரவில்லை. விடியும்போது காய்ச்சல். காய்ச்சல் இறங்கியதும் நீங்கள் எழுந்து டம்ளரைத் தட்டினீர்கள். தட்டினீர்கள், தட்டினீர்கள். அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "சத்தம் வருதா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கணீரென்று கேட்டது. தலையை ஆட்டினேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அன்றைக்கு நீங்கள் அழுதீர்கள். நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சில நாள் கழித்து, அந்தப் பக்கத்தை நான் கேட்டு எழுதிக் காட்டட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேகமாகத் தலையை ஆட்டினீர்கள். "வேண்டாம். தொடாத. எல்லாம் கேட்டு முடிச்சாச்சுன்னு இருந்தா எப்படி? இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குன்னு இருக்கட்டும்." அதற்குப் பிறகும் ஆறேழு வருஷம் இருந்தீர்கள். விரலைக் காட்டிக் காட்டியே காய்கறிக்காரரிடம் கொசுறு வாங்கினீர்கள். அவ்வப்போது பீரோவைப் பார்த்துவிட்டு என்னிடம், "அக்கா தங்கச்சியா இருக்குமோ?" என்பீர்கள். நான் உதட்டைப் பிதுக்குவேன். எனக்கும் தெரியாதே.

மதினி, செட்டுக்குள் கேசட்டைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் இளகிப் போயிருந்தது. மாற்றித் தர ஆள் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. ஹெட்போனுக்குப் பழைய சேலைத் துணியைச் சுற்றி, சிவப்பு நூல் இடது பக்கம் வருகிற மாதிரி திருப்பி மாட்டிக்கொண்டேன். இடது காதில் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டேன். கட்டிலில் எப்போதும் போல ஓரமாக, இடது பக்கம் உங்களுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.

ஆம்பளை இல்லை. மகள் இல்லை, கூட்டாளி இல்லை. அந்தப் பக்கமும் அவளேதான். அதே குரல், அதே மூச்சு. அந்தப் பக்கம் அவள் கேட்கிறாள், இந்தப் பக்கம் அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள். ஹெட்போனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு உடனே கேட்டது: "அடப் பாவிகளா, ஒரு ஆள் கூலிக்கு ரெண்டு ஆள் வேலை வாங்கியிருக்கானுகளே!" தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, உங்களிடம் சொல்வதற்காக, உங்கள் வலது காது இருக்கும் பக்கமாகத் திரும்பினேன்.