மச்சான் விட்டுப்போன துவக்கு

என் ஆசை மச்சான் குகனுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். அந்தக் கள்ளன் இரண்டாம் முறை உன் கடைக்குள் புகுந்துபோன அன்றே, ஒக்லாந்து ரானுயியில் உன் கடை வாசலில் நின்று, "குகன், இவன் திரும்பவும் வருவான்" என்றேன். நீ தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சிரித்தாய். மழை பெய்து முடிந்த பிறகும் நான்தான் முதலில் சொன்னேன் என்பேன் என்று வதனியிடம் நீ நக்கலடித்ததும் எனக்குத் தெரியும். ஆனால் இது நான் சொன்னபடியே நடந்தது. நடக்காமல் போயிருந்தால் நான் பொய்யனாகவே இருந்திருப்பேன், சந்தோஷமாக.

உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறோம். "அண்ணை, நீங்களும் எழுதுங்கோ. ஒரு பக்கம்தான்" என்று வதனி கேட்டாள். உன் மனைவி என்றாலும் எனக்குத் தங்கைதானே, என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தினவன்தான். ஆனாலும் ஒக்லாந்து முழுக்கத் தேடினாலும் என்னைப்போல் எழுத ஆள் கிடைக்காது. ஒரு பக்கத்தில் என்னத்தை எழுதுவது?

கடை நடக்கிறது மச்சான். இங்கே மூலைக்கடையை டெய்ரி என்கிறார்களே, எங்கள் டெய்ரிக்கு இப்போது நான்தான் ராசா. காலையில் லின்ஃபீல்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து வந்து திறக்கிறேன். உன் முக்காலியில் நான் இருப்பதில்லை, நின்றுகொண்டுதான் வியாபாரம். போன கிழமை தூசி தட்டப்போய் அந்தப் புகை மெஷினின் பொத்தானை அழுத்திவிட்டேன். கள்ளனின் கண்ணை மறைக்கப் பூட்டினது, பாண் வாங்க வந்தவர்களின் கண்ணை மறைத்தது. "கோயில்ல சாம்பிராணி போடுறமாதிரி, கள்ளனுக்கும் ஒரு பூசை" என்பாயே. அன்றைக்கு அந்தப் பொத்தானுக்கு உன் கை ஏன் எட்டாமல் போனது?

வழக்கு முடிந்தது. முதல்முறை கத்தியோடு வந்ததற்கு அவனுக்குக் காலில் கண்காணிப்புப் பட்டி கட்டி வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை சுத்தியலால் உன் தோளில் அடித்ததற்குச் சில மாதங்கள் உள்ளே. மூன்றாம் முறை உன் தலை. இப்போதுதான் நீண்ட காலம் கொடுத்திருக்கிறார்கள். தன் மனதில் உள்ளதை வதனி நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாசித்தாள். முதல்நாள் எனக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தது இதுதான்: "முதல் தரமே அவனை வடிவா அடைச்சு வைச்சிருந்தா, என்ர மனுசனும் இருந்திருப்பார், அவனும் கொலைகாரன் ஆகியிருக்க மாட்டான்." அவள் வாசித்தபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மண்டபத்தில் அழாதவர் எவருமில்லை.

திரும்பத் திரும்ப அடிக்கிறவனுக்குத் திரும்பத் திரும்ப ஒரு வாய்ப்பு. அடி வாங்குகிறவனுக்கு எத்தனை வாய்ப்பு மச்சான்?

உன் துவக்குக்காக அதிகாரிகள் உன்னைப் படுத்தின பாட்டை யோசிக்கிறேன். வதனியைத் தனியாகக் கூப்பிட்டு "இவர் கோபக்காரரா?" என்று கேட்டார்கள். பெட்டகத்தை ஆட்டிப் பார்த்தார்கள். ரவைகளை வேறாகப் பூட்டச் சொன்னார்கள். டேவ் என்கிற உன் கூட்டாளியின் பண்ணையில் முயல் சுடுவதற்கு இவ்வளவும். சுத்தியலோடு திரிகிறவனிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கொதித்தபோது நீ சொன்னாய்: "ஊரில துவக்கு வைச்சிருந்தவன் எல்லாம் எங்களைக் கேள்வி கேட்டவன். இஞ்சதான் துவக்கு வைச்சிருக்கிறவனைக் கேள்வி கேக்கிறாங்கள். எனக்கு அது பெருமையடா."

அந்தத் துவக்கைக் கடையில் வை என்று உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்தேன். சட்டம் விடாது என்றாய். தன் உயிரைக் காப்பது இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க ஒரு காரணமே இல்லையாம். அந்தச் சட்டம் பிழை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். சட்டம் விட்டாலும் வைக்க மாட்டேன் என்றாய் நீ. "துவக்கு வந்தா அது கடை இல்லை மச்சான், ஆமி நிக்கிற சென்றி." அந்த வாக்குவாதம் முடியவேயில்லை. முடிக்க இனி யார் வரப்போகிறார்கள்?

நீ போன பிறகு துவக்கு டேவின் பெட்டகத்தில் இருக்கிறது. அனுமதி உள்ள ஒருவருடைய பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் பொலிசிடம் கொடுக்க வேண்டும். "குடுத்துவிடுங்கோ அண்ணை, எனக்கு இனி அந்தச் சாமானைப் பாக்கேலாது" என்றாள் வதனி. பிறகு உன் கடைசி வார்த்தையை நான் நினைவுபடுத்தினேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "துவக்கைக் கைவிடாத மச்சான்" என்றாயே, அது. "அவர் சொன்னவரெண்டா சரி" என்றாள்.

துவக்கு அனுமதி எடுக்க வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், அங்கே நான்தான் முதலாவது. வீட்டுக்கு விசாரிக்க வந்தது ஒரு பெண் அதிகாரி. உளுந்து வடை கொடுத்தேன். எனக்குத் துவக்கில் அனுபவம் உண்டா என்று கேட்டாள். அனுபவமில்லாதவனுக்கு யார் கொடுப்பார்கள்? "ஊரில் என் கை படாத துவக்கு இல்லை, கண்ணைக் கட்டிவிட்டாலும் பூட்டுவேன்" என்றேன். அவள் வடையைக் கீழே வைத்துவிட்டு, பேனையை எடுத்தாள்.

வதனி குசினியிலிருந்து ஓடிவந்தாள். "மேடம், இவர் சும்மா அவிட்டுவிடுறார். சண்டை முழுக்க இவர் பங்கருக்குள்ள. வெடிச் சத்தம் கேட்டா என்னையும் தள்ளிப்போட்டு முதல் குதிக்கிறது இவர்தான்." எல்லாம் ஆங்கிலத்தில். அந்த அதிகாரி சிரித்த சிரிப்பில் என் மானம் போனது, அனுமதி பிழைத்தது.

எனக்கு மனைவி இல்லாததால், நீ போன பிறகு என்னோடு இருக்கும் வதனியைத்தான் கேட்டாள். இந்த வீட்டில் துவக்கு இருக்க உங்களுக்குச் சம்மதமா? வதனி உன் படத்தைப் பார்த்தாள். கையில் இருந்த துவாயை முறுக்கிக்கொண்டே, "என்ர மனுசன் கடைசியாக் கேட்டது அதுதான். அதால சம்மதம்" என்றாள்.

அனுமதி அட்டை வந்துவிட்டது மச்சான். படத்தில் உன்னைவிட வடிவாக இருக்கிறேன். வருகிற சனிக்கிழமை டேவிடம் போய்த் துவக்கை எடுத்துவர வேண்டும். பெட்டகத்தைப் பின்னறைச் சுவரில் இறுக்கியாயிற்று. அன்றிலிருந்து வதனி அந்த அறைக்குள் போவதில்லை. அவளுடைய தையல் மெஷின் அங்கேதான் இருக்கிறது. பாதி தைத்த சட்டை ஒன்று ஊசியோடு அப்படியே கிடக்கிறது.

உன் குரல் எனக்கு இப்போது சரியாக நினைவில் வருவதில்லை. சிரிப்பு வருகிறது, குரல் வரவில்லை. இனி நான் பெருமையடித்தால், "அடுத்ததையும் சொல்லன் மச்சான்" என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை ஒவ்வொரு காலையும் கடை வாசலில் இறக்கிவைக்கும் பாலை முதலில் உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பேன். துவக்கை வதனி வேண்டாம் என்றால் அது டேவின் பெயருக்கே மாறி அங்கேயே இருக்கட்டும். அந்தச் சட்டத்தோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் போதும்.

பால் ஏன் என்று மலரை வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். வதனியும் கேட்பாள். தங்கச்சி, செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பிடித்து, "கடைசியா என்ன சொன்னவர், கடைசியா என்ன சொன்னவர்" என்று கேட்டார்கள். அந்த நேரம் அவன் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தானே. பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. துவக்கைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அது நான் கட்டின கதை. அவன் கண்ணைத் திறந்து கேட்டது இவ்வளவுதான்: "பால் வெளியில கிடக்கு, உள்ள எடுத்து வைச்சனியோ மச்சான்?"

உன்னுடைய,
வதனியின் அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்