தம்பி எழுதிய ஒரு வரி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகம்தானே? என் சுகம் உனக்குத் தெரிந்ததுதான். அம்மா போனதோடு பொத்தான் தைக்கிற வேலையும் போய்விட்டது. என் கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, கால்கள்தானே சிறு வயதிலேயே விளங்காமல் போனவை. ஆனால் கம்பெனியிலிருந்து சட்டை மூட்டையைத் தூக்கி வர அம்மா இருந்தாள். இப்போது யார் இருக்கிறார்கள்?

ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். "கூடப்பொறந்தவர் சம்பாதிக்கிறாரே, உங்களுக்கு எதுக்கு?" என்று அலுவலர் கேட்டார். நீ என்னைப் பராமரிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டால் கிடைக்குமாம். படிவம் இத்துடன் இருக்கிறது. வருத்தப்படாதே, உள்ளதைத்தானே எழுதச் சொல்கிறார்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

படிவத்தைப் படித்தேன். "இவர் என் பராமரிப்பில் இல்லை" என்று நான் எழுதுவதா? அம்மா கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளை விட்டுடாதடா" என்றாளே, மறந்துவிட்டாயா? அந்த வரியை அடித்துவிட்டு, "என் உயிர் உள்ளவரை அக்காவை நானே காப்பாற்றுவேன்" என்று எழுதி, நேராக அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன். இனி நீ தலை நிமிர்ந்து நடக்கலாம்.

இந்த மாதம் மட்டும் எதுவும் அனுப்ப முடியாது. லிஃப்ட் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போகிறது.

பாசமுள்ள தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நடக்கலாமாம், நான்! நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன்.

உன் வரியை அலுவலர் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இப்போது தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டேன். குடித்தால் கழிப்பறைக்குப் போகப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட வேண்டும், அவரும் முகம் சுளிக்கத் தொடங்கிவிட்டார். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. காப்பாற்றுவேன் என்று எழுதினாயே, வந்து கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் அந்த வரியை மாற்றி எழுதிக் கொடு.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிறவன் வீட்டில் லிஃப்ட் இல்லை. நான் வேலைக்குப் போனபின் உன்னை யார் தூக்குவது? என் மனைவிக்கோ முதுகு வலி. அதற்காக உன்னைக் கைவிட்டேன் என்று மட்டும் என் கையால் எழுத மாட்டேன். வேறு எது வேண்டுமானாலும் கேள்.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

வேறு எது வேண்டுமானாலும் கேள் என்றாய். கேட்கிறேன்.

நேற்று அலுவலகப் படிகளைத் தவழ்ந்தே ஏறினேன். அலுவலர் மனமிரங்கி ஒரு வழி சொன்னார். என்னைப் பராமரிக்கிறாயா என்று கேட்டு உனக்கு ஒரு நோட்டீஸ் வரும். முப்பது நாளில் பதில் வராவிட்டால், எனக்கு யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு உதவித்தொகை தருவார்களாம். வீட்டுக்காரரும் அதுவரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

அதற்குப் பதில் போடாதே. பாசம் பொங்கினாலும் பேனாவைத் தொடாதே. எனக்கும் இனி எழுதாதே. விசாரணைக்கு வருகிறவர் கண்ணில் உன் கடிதம் பட்டால் எல்லாம் பாழாகிவிடும். இதுவரை வந்ததையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன்.

நீ கெட்டவனில்லை, அது எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை உன்னால் இப்படித்தான் காப்பாற்ற முடியும்.

உன் பதில் வராது என்று நம்பியிருக்கும்
அக்கா