இருபத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு நகக்குறி

நேற்று மத்தியானம் பாயின் வாடகை லைப்ரரியில் ஒரு பேய் நாவலைப் பிரித்தேன். கிராம்பு வாசம் அடித்தது. நீ சிரிப்பாய். நீ சொல்லாமல் நானாவது, பேய் நாவலைத் தொடுவதாவது! நீ போன இந்த எட்டு மாதமாக அந்த அலமாரிப் பக்கமே நான் போகவில்லை. இது என்னுடைய துப்பறியும் நாவல்களுக்கு நடுவில் தலைகீழாகச் செருகிக் கிடந்தது. எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் உருவினேன். பழக்கதோஷம், கை தானாக உன் இருபத்தொன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

பக்க எண்ணை ஒட்டி உன் நகக்குறி இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

வாடகை லைப்ரரியில் படிக்கிற எல்லோருக்குமே இந்தத் திருட்டுத்தனம் உண்டு. படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்து ஏமாறாமல் இருக்க, ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு அடையாளம். காகித மில்லில் வேலை செய்கிற ஒருவர் ஐம்பதாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். எனக்குக் கடைசிப் பக்கத்தில் பென்சில் புள்ளி. நீ மட்டும் பேனா, பென்சில் எதையும் தொடமாட்டாய். "பாய் பாத்தா சங்கடப்படுவாரு அம்மிணி" என்று இடது கட்டைவிரல் நகத்தால் அழுத்துவாய். நூலைக் கோனில் சுற்றும் மிஷினில் மாட்டி நடுவில் பிளந்துபோன நகம் அது. அதனால் உன் பிறை முழுசாக விழாது, நடுவில் உடைந்துதான் விழும். ஒரு பிறை என்றால் நீ படித்தாயிற்று. இரண்டு என்றால் எனக்குச் சேதி, நீயும் படி என்று.

பள்ளிபாளையத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே தறிப்பட்டறையில் பதினாறு வருஷம் நூல் சுற்றினோம். சோற்று நேரத்தில் தறிகள் நின்றதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி வருமே, அப்போதுதான் நீ கதை சொல்லத் தொடங்குவாய். வெளியே வெயில் கொளுத்தும். தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. "பேய்க்கு இருட்டு வேணும்னு ஆரு சொன்னா? உச்சிப்பொழுதுலதான் ஊரே அடங்கிக் கெடக்குது. அது நடமாட இதவிட நல்ல நேரம் ஏது?" என்று கேட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்ப்பாய். திரும்பினால் சுவர்தான் இருக்கும். அப்புறம் எனக்குச் சோறு இறங்காது. உனக்கு அதில் ஒரு குஷி.

ஒருநாள் லைப்ரரியில் யார் எதற்காக எதைப் படிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மில்லுக்காரர் தமக்கு ராஜா கதைதான் வேண்டும் என்றார். "மில்லுல நான் ஒரு சுவிட்ச்ச அமுக்கற ஆளுங்க. அதுல எனக்குக் குதிரை குடுக்கறாங்களே" என்றார். பாய் குடும்ப நாவல் அலமாரியைக் காட்டி, "ஊட்டுல அழ முடியாதவங்க இங்க வந்து எடுத்துட்டுப் போறாங்கம்மா" என்றார். என்னைக் கேட்டபோது, துப்பறியும் கதையில் கடைசியில் ஒருவன் எல்லோரையும் உட்கார வைத்துக் காரணம் சொல்கிறான், அதற்காக என்றேன். என் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் வரவே இல்லை. ஏன் போனான் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத எதையும் என்னால் தாங்க முடிவதில்லை. துப்பறியும் கதையில்கூடக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள் நான்.

உன் காரணத்தை நீ வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னாய். "மத்த கதையில எல்லாம் போனா போனதுதான் அம்மிணி. பேய்க்கதையிலதான் போனவங்க திரும்பி வாராங்க." போர்வெல் போடும் ரிக் வண்டி வேலைக்குப் போன உன் வீட்டுக்காரர் எங்கோ வடக்கே இறந்து, மூடிய பெட்டியில் வந்தார். திறந்து முகம் பார்க்க விடவில்லை. பெட்டியில் இருந்தது அவர்தான் என்று ஊரே சொல்லியும் நீ தலையாட்டியதே இல்லை. அந்த உன்னிடம்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு கண் மங்கிவிட்டது. தினமும் வேலை முடிந்து வந்து உனக்கு ஒரு நாவலை வாசித்துக்காட்டினேன். செத்துப்போன புருஷன் வெள்ளிக்கிழமைதோறும் வந்து கதவைத் தட்டுகிற கதை. நீ எப்போதும்போலக் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வாசற்படியையே பார்த்தபடி கேட்பாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கதவு நிஜமாகவே தட்டப்படும் என்று நீ காத்திருந்தாய். உன் நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டு, ஒருநாள் கடைசிப் பக்கத்தைப் பிரித்து முடிவைச் சொல்லிவிட்டேன்: "பேயுமில்ல, பிசாசுமில்ல. சொத்துக்கு ஆசப்பட்டுக் கணக்குப்புள்ளதான் தட்டியிருக்கறான்."

நீ வாசற்படியிலிருந்து கண்ணை எடுத்தாய். பிறகு, "இன்னும் ரெண்டு வெள்ளிக்கெழம அவரு வந்திருப்பாரு. நீ கதவச் சாத்திட்ட" என்றாய். "இனிமே உனக்கு நான் ஒரு புஸ்தகமும் சொல்லமாட்டேன் போ."

அதற்கப்புறம் நான் இரண்டு முறைதான் வந்தேன், இரண்டு முறையும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். சண்டை போட்ட ஒன்பதாம் நாள் போய்விட்டாய். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு மாதமாக அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் நேற்று அந்த இரண்டு பிறைகளையும் பார்த்தபடி நின்றுவிட்டேன். நீ படித்த கதை ஒன்றுவிடாமல் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் சோற்று நேரத்தில் சொல்லியிருக்கிறாய். அட்டையில் இருந்த இந்தப் பெயரில் மட்டும் நீ ஒரு கதையும் சொன்னதே இல்லை.

"என்னம்மா, அப்படியே நின்னுட்டீங்க?" என்றார் பாய்.

"பாய், இதுல கிராம்பு வாசம் அடிக்குதுங்களா?"

வாங்கி முகர்ந்து பார்த்தார். "பழைய காயித வாசந்தாம்மா." பிறகு பிறைகளைக் கவனித்துவிட்டார். உன் குறியை அவர் இத்தனை வருஷமும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. புத்தகத்தை மேசைமேல் மெல்ல வைத்தார். "இது நம்ம கடைக்கு எப்ப வந்துச்சுன்னு நோட்டுல இருக்கும். பாக்கட்டுங்களா?"

நோட்டைக் கையில் எடுத்தும்விட்டார். சண்டைக்கு முன்னால் வந்த புத்தகம் என்றால் குறியும் முன்னால் போட்டதுதான், நீ என்னைப் பொறுத்துக்கொண்டாய் என்று அதற்கு அர்த்தமில்லை. சண்டைக்குப் பிறகு நீ கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. பிறகு வந்த புத்தகம் என்றால்? வெளியே உச்சி வெயில். தெருவில் யாரும் இல்லை.

"வேண்டாங்க பாய்," என்றேன். "பாக்காதீங்க."

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். உடையாத முழுப்பிறைதான் விழுந்தது. முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், எண்பது பக்கம் ஆகிறது. யாரோ வீட்டுக்குள் வந்து போகிறார்கள், யார் என்று இன்னும் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. பாயின் நோட்டையும் பார்க்கப்போவதில்லை. இந்தக் கதவை நான் சாத்தவில்லை, பார்த்துக்கொள்.