கப்பல் போன பிறகு கரையில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் ஆசைப்பட்டபடி நம் ஊர் குளச்சல் பக்கம் பணி மாறுதல் கேட்கப்போகிறேன் என்பதைச் செவ்வாய்க்கிழமை பள்ளியில் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

அன்று மூன்றாம் வகுப்பில் கடல்வழி தேடிப் போனவர்களைப் பற்றிப் பாடம். பாதிப் பேரைப் பெஞ்சுக் கப்பலில் ஏற்றினேன். மற்றவர்கள் கரையில் நின்றார்கள். கோபிநாத் கப்பலிலிருந்து குதித்து, "இந்த ஊர நான் கண்டுபிடிச்சுட்டேன்!" என்றான்.

"நாங்க என்ன தொலைஞ்சா போனோம்?" என்றாள் கரையில் நின்ற கனிஷ்கா. "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க? மொதல்ல சாப்புடுங்க."

எல்லோரும் சிரித்தோம். வேலைக்காக இந்தக் குன்றாண்டார்கோவிலில் நான் வந்து இறங்கிய அன்று ஊர்க்காரர்கள் என்னிடமும் "யாரு வீட்டுக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், கப்பல்ல வந்தவரு சாப்புட்டுட்டுப் போயிருவாரா?"

புத்தகத்தில் கப்பல் திரும்பியதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கரையில் இருந்தவர்களைப் பற்றி அதற்குமேல் ஒரு வரிகூட இல்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது. என் பழைய ரேடியோவையும் கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டையும் அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

மாறுதலுக்கு விண்ணப்பிக்க நேற்று கடைசி நாள். நான் விண்ணப்பிக்கவில்லை.

உங்கள் மகள்
ஜெனிஷா