இன்னும் ரெண்டு சுத்து

மார்ச் 4, செவ்வாய்

மேட்டுத் தெரு செய்தி முதல் பக்கத்தில் வந்துவிட்டது. மூன்று வாரமாக அங்கே குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர் வேண்டுமென்றே மூடுகிறார் என்று எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர், தனித்தனியாகப் பேசினேன். அவர் சாவியோடு வந்து திருகிவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் தண்ணீர் குறைந்திருக்கிறது. தேதிகூட ஒத்துப்போகிறது. உறுதியான செய்தி.

மார்ச் 5

வால்வுக்காரரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை, வேலையே போகலாம். காலையில் எங்கள் பத்திரிகை அலுவலக வாசலில் நின்றார். “திறந்துதான் சார் விட்டேன். இருபது வருஷமா இதே வேலை, எனக்குத் திறக்கத் தெரியாதா?”

மூன்று சாட்சிகளைச் சொன்னேன்.

“நான் சுத்துனதைத்தானே சார் பாத்தாங்க?”

மார்ச் 6

மனைவி கேட்டாள்: “அந்த வால்வை நீங்க பாத்தீங்களா?” இல்லை. மனிதர்களைத்தான் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

குடிநீர் அலுவலகத்தில் ஒரு பொறியாளர் இருக்கிறார். குழாய்க்குள் எழும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் பெண். அவர் சோதிக்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வால்வுக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். வால்வுக்காரர் அதற்குள் அந்தம்மாவுக்குக் “காதுக்காரம்மா” என்று பெயரே வைத்துவிட்டார்.

குழி மூடியைத் தூக்கி, காந்தம் பொருத்திய சின்னக் கருவியை வால்வுத் தண்டில் ஒட்டவைக்கிறார். மடிக்கணினியில் கோடு ஓடுகிறது. நான்கு வால்வுகள் அமைதி. தெருமுனையில் ஐந்தாவது சீறியது. ஹெட்போனை என்னிடமும் கொடுத்தார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல இருந்தது.

“முழுசா திறந்திருந்தா இப்படிச் சத்தம் வராது சார். முழுசா மூடினாலும் வராது. சின்ன சந்துல தண்ணி நெருக்கிட்டுப் போனாத்தான் சீறும்.”

ஆக, மூடியிருக்கிறது. என் செய்தி சரி. வால்வுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணே, கொஞ்சம் திறங்க” என்றார் பொறியாளர். வால்வுக்காரர் சாவியை மாட்டி இடப்பக்கம் திருகினார். சீற்றம் ஏறியது.

“நிறுத்துங்கண்ணே! வலப்பக்கம் சுத்துங்க.”

வலப்பக்கம் சுற்றச் சுற்றச் சத்தம் அடங்கியது. மேட்டுத் தெருவிலிருந்து போன் வந்தது: தண்ணீர் பீய்ச்சியடிக்கிறதாம்.

அது போன மாதம் மாற்றிய வால்வு. ஊரில் மற்றதெல்லாம் இடப்பக்கம் திறக்கும். இது ஒன்று வலப்பக்கம். வால்வுக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தண்ணி கொறையுதுன்னு சொன்னப்பல்லாம் இன்னும் ரெண்டு சுத்து திறந்துவிட்டேனே, காதுக்காரம்மா!”

ஐயோ. தேதி ஒத்துப்போகிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேனே — புகார் போனதால்தானே அவர் வந்தார்? அதைக் கேட்டேனா?

மார்ச் 8

ஆசிரியரிடம் திருத்தம் கேட்டேன். முதல் பக்கம், அதே இடம்.

“மூடினது அவர்தானேய்யா?”

“அவர்தான். ஒரு சொல் பொய்.”

“எந்தச் சொல்?”

“வேண்டுமென்றே.”

மார்ச் 9

வந்துவிட்டது. ‘வேண்டுமென்றே’ அல்ல, ‘தவறுதலாக’.

மார்ச் 11

நேற்று விசாரணையில் காதுக்காரம்மா ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். வால்வுக்காரருக்கு வேலை திரும்பிவிட்டது. இன்று தெருமுனையில், குழி மூடிமேல் வலப்பக்கம் பார்த்த சிவப்பு அம்பு ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்.

“‘வேண்டுமென்றே’வை எடுத்தீங்க, சரி. ‘தவறுதலாக’வையும் எடுத்திருக்கக் கூடாதா சார்? வீட்ல சிரிக்கிறாங்க.”

“அது உண்மையாச்சேண்ணே.”

“அதனாலதான் சார் சிரிக்கிறாங்க.”